விண்வெளிக்குப் போய்வர எவ்வளவு முடியும்?

நானுஓயாவிலிருந்து எல்ல வரைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய வேனில் வந்த வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர், விண்வெளிக்குப் போவதற்கு முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பதாகச் சொன்னாராம். "சேர், காசு இருந்தா யாரும் போகலாமா? எவ்வளவு முடியும்? அங்க போய் அப்படி என்னத்த பாக்குறாங்க? உசிருக்குப் பயமில்லையா? இவ்வளவு காசக் கொட்டிப் போறது நியாயமா? எங்கள மாதிரி ஆளுகளுக்கு ஒரு காலம் வருமா?"

தம்பி, போகலாம். 2001ஆம் ஆண்டிலிருந்தே காசு கட்டி விண்வெளிக்குப் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'விண்வெளிச் சுற்றுலா' என்று ஒரே பெயரில் விற்கப்படுவது இரண்டு வேறு பயணங்கள். ஒன்று, மேலே ஏறிப் போய், சில நிமிடம் மிதந்துவிட்டு, நேரே இறங்கிவிடுவது. மற்றது, பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து நாட்கணக்கில் தங்குவது. முதலாவதற்கு இலட்சக்கணக்கில் டொலர் முடியும். இரண்டாவதற்குக் கோடிக்கணக்கில் டொலர் முடியும். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டால் மற்றக் கேள்விகளுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் நாட்டில் ஆக உயர்ந்த இடம் பீதுருதாலகால மலை, 2,524 மீற்றர். பயணிகள் விமானம் 10, 12 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறது. விண்வெளி தொடங்குவது 100 கிலோமீற்றரில் என்பது உலகில் பலரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதைக் கார்மன் கோடு என்பார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 80 கிலோமீற்றரையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வீதி அதைவிட நீளம். மேல்நோக்கி ஓட்ட முடிந்தால் உங்கள் வேனிலேயே இரண்டு மணித்தியாலத்தில் விண்வெளிக்குப் போய்விடலாம்.

ஆக, அங்கே போய்ச் சேருவது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. அங்கேயே நிற்பதுதான் பெரிய காரியம். சிவனொளிபாத மலை உச்சியில் நின்று கிழக்கே ஒரு கல்லை எறிவதாக நினையுங்கள். கையால் எறிந்தால் மலைச்சரிவிலேயே விழும். பீரங்கியால் சுட்டால் சில மலைகளைத் தாண்டி விழும். இன்னும் வேகம் கூட்டினால் பொத்துவிலையும் தாண்டிக் கடலில் விழும். காற்றின் தடை இல்லை என்று வைத்துக்கொண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால் என்ன நடக்கும்? கல் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அது விழும் அளவுக்கு அதன் கீழே பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகும். கல் நிலத்தைத் தொடாமல் பூமியைச் சுற்றி வந்து உங்கள் முதுகுப் பக்கம் வந்து சேரும். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றிக்கொண்டிருப்பது இப்படித்தான். அங்கே மிதக்கிறார்கள் என்றால் புவியீர்ப்பு இல்லை என்று அர்த்தமில்லை. 400 கிலோமீற்றர் உயரத்திலும் ஈர்ப்பு பத்தில் ஒன்பது பங்கு இருக்கத்தான் செய்கிறது. ஆளும் விழுகிறார், அவரைச் சுற்றியுள்ள கலமும் அதே வேகத்தில் விழுகிறது. அதனால் எதிலும் அழுந்தாமல் மிதக்கிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ எடையை 100 கிலோமீற்றர் உயர்த்த ஏறத்தாழ 1 மெகாயூல் சக்தி போதும். அதே ஒரு கிலோவை 400 கிலோமீற்றருக்குக் கொண்டுபோய், அங்கே விழாமல் சுற்றும் வேகத்தையும் கொடுக்க 33 மெகாயூல் அளவில் வேண்டும். அதுவும் அந்தக் கிலோவுக்கு மட்டும். எரிபொருளைத் தூக்க எரிபொருள், அதைத் தூக்க இன்னும் எரிபொருள் என்று சேர்ந்துகொண்டே போகும். திரும்பி வரும்போது இந்தச் சக்தி முழுவதையும் எங்காவது கழித்தாகவும் வேண்டும். காற்றில் உரசித்தான் கழிக்கிறார்கள். கலத்தின் அடிப்பாகம் 1,500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அதைத் தாங்கும் கவசம், மாதக்கணக்கான பயிற்சி, கடலில் விழுந்த கலத்தைத் தூக்கும் கப்பல் என்று செலவு ஏறுவது இதனால்தான். மேலே போய் உடனே இறங்கும் பயணத்தில் இவற்றில் பெரும்பகுதி தேவையில்லை.

முதலில் போனவர் பெரிய பயணத்துக்கே போனார். டெனிஸ் டிட்டோ என்ற அமெரிக்கர், 60 வயதில், 2001 ஏப்ரல் 28ஆம் திகதி பைக்கனூரிலிருந்து ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஏறினார். கட்டியது 2 கோடி டொலர் என்று சொல்லப்பட்டது. ஏறத்தாழ எட்டு நாள் போய்வந்தார். இளவயதில் ரொக்கெட் துறையில் பொறியியலாளராக இருந்து, பிறகு முதலீட்டுத் தொழிலில் பணம் சேர்த்தவர். நாசாவுக்கு இது பிடிக்கவேயில்லை. அவருடைய கனவைக் காசாக்கிக் கொடுத்தது அன்று பணமுடையில் இருந்த ரஷ்ய விண்வெளித் துறை. அவருக்குப் பின் தென்னாபிரிக்காவின் மார்க் ஷட்டில்வேர்த், ஈரானில் பிறந்த அனூஷே அன்சாரி என்று 2009 வரை ஒரு சிலர் அதே வழியில் போனார்கள். அன்சாரி 2006இல் போனார். தன் காசில் விண்வெளி போன முதல் பெண் அவர்தான்.

குறைந்த விலைப் பயணத்துக்கு விதை போட்டது ஒரு பரிசு. ஆட்களை ஏற்றக்கூடிய கலம் ஒன்று இரண்டு வாரத்துக்குள் இரண்டு தடவை 100 கிலோமீற்றரைத் தொட்டு வந்தால் ஒரு கோடி டொலர் என்று அறிவித்தார்கள். 2004இல் ஸ்பேஸ்ஷிப்வன் என்ற சின்னக் கலம் அதை வென்றது. அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கித்தான் ரிச்சர்ட் பிரான்சன் வேர்ஜின் கலக்டிக் கம்பனியைத் தொடங்கினார். சில வருடத்தில் ஊரெல்லாம் போகலாம் என்று அன்று பேசினார்கள். அவரே ஏறிப் போவதற்கு 2021 ஜூலை 11 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒன்பது நாள் கழித்து அமேசன் ஜெஃப் பெசோஸ் தன் புளூ ஒரிஜின் கம்பனியின் நியூ ஷெப்பர்ட் ரொக்கெட்டில் போனார். அந்த ஆண்டு செப்டெம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியின் டிராகன் கலத்தில், தொழில்முறை விண்வெளி வீரர் ஒருவர்கூட இல்லாமல் நான்கு பேர் மூன்று நாள் பூமியைச் சுற்றினார்கள். 2021 இந்தத் துறைக்கு ஒரு திருப்பம்தான்.

இனி விலை. வேர்ஜின் கலக்டிக் முதலில் 2 இலட்சம் டொலருக்கு டிக்கெட் விற்றது. பிறகு இரண்டரை இலட்சம். 2021இல் நான்கரை இலட்சம். புளூ ஒரிஜின் விலைப்பட்டியல் வெளியிட்டதில்லை. முதல் பயணத்தின் ஓர் ஆசனத்தை மட்டும் ஏலத்தில் விட்டார்கள், 2 கோடி 80 இலட்சம் டொலருக்குப் போனது. விண்வெளி நிலையத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் அக்சியம் கம்பனி 2022இல் நடத்திய முதல் பயணத்துக்கு ஆளுக்கு ஐந்தரைக் கோடி டொலர் என்றார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? டிட்டோ கொடுத்தது 2 கோடி. இருபது வருடம் கழித்து ஐந்தரைக் கோடி. பண வீக்கத்தைக் கழித்தாலும் விலை கூடித்தான் இருக்கிறது. விமானப் பயணம் மலிந்தது போல இதுவும் மலியும் என்று சொல்கிறவர்கள் இதுவரை நடந்த கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் காசில் சொல்கிறேன். டொலரை 300 ரூபாயாக வைத்தால், அந்த நான்கரை இலட்சம் டொலர் டிக்கெட் 13 கோடி 50 இலட்சம் ரூபாய். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. வகுத்துப் பாருங்கள், சரியாக ஓர் இலட்சம் நாட்சம்பளம் வரும். மாதத்துக்கு 25 நாள் வேலை கிடைத்து, ஒரு நாளும் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழாமல், ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால் 333 வருடம். லூல்கந்துரவில் 1867இல் தேயிலை நட்ட நாளிலிருந்து ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த 2024ஆம் ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்து வந்திருந்தாலும் இன்னும் பாதித் தூரம்கூட வந்திருக்காது. அதுவும் சில நிமிட மிதப்புக்கு. இதைப் பொறாமையில் சொல்லவில்லை. எவ்வளவு முடியும் என்று நீங்கள் கேட்டீர்கள். 13 கோடி என்று எழுதினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் இப்படிச் சொன்னேன்.

சரி, அப்படி என்னத்தப் பார்க்கிறார்கள்? நியூ ஷெப்பர்டில் போனவர்களின் பயணத்தை எடுத்துக்கொள்வோம். டெக்சாஸ் பாலைவனத்தில் ஓரிரு நாள் பயிற்சி. பிறகு கலத்தில் ஏறி, ஏறத்தாழ சாய்ந்து படுத்த நிலையில் பட்டி போடுகிறார்கள். ஓட்டுநர் கிடையாது, எல்லாம் தானியங்கி. இயந்திரம் எரிவது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் ஒலியின் வேகத்தைப் போல மூன்று மடங்கு வந்துவிடும். நெஞ்சில் ஒரு பெரியாள் உட்கார்ந்த மாதிரி அழுத்தும். சட்டென்று இயந்திரம் நிற்கிறது. சத்தமும் நின்றுவிடுகிறது. கலம் ரொக்கெட்டிலிருந்து கழன்று, எறிந்த வேகத்திலேயே மேலே போய்க்கொண்டிருக்கும். அப்போது பட்டியைக் கழற்றலாம். கால் தரையில் நிற்காது, தலைமுடி எழும்பி நிற்கும், கையிலிருந்து விட்ட பேனை விட்ட இடத்திலேயே நிற்கும். ஒரு மீற்றருக்கும் உயரமான பெரிய யன்னல்கள். வெளியே பட்டப்பகல், வெயில் அடிக்கிறது, ஆனால் வானம் மை போலக் கறுப்பு. கீழே பூமியின் விளிம்பு வளைந்து தெரிகிறது. அதன்மேல் ஒட்டியிருப்பது மெல்லிய நீல வரி. நாம் மூச்சுவிடும் காற்று முழுவதும் அந்த வரிக்குள்தான். இதெல்லாம் மூன்று, நான்கு நிமிடம். பிறகு ஆசனத்துக்குத் திரும்பச் சொல்லிக் குரல் வரும். இறங்கும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்கு வரை அழுத்தம். மூன்று பரசூட் விரியும், புழுதி கிளப்பிக்கொண்டு தரை தட்டும். தொடக்கம் முதல் முடிவு வரை 10, 11 நிமிடம்.

அந்த நீல வரிதான் போனவர்களைப் பிடித்து உலுக்குகிறது. வில்லியம் ஷாட்னர் என்ற நடிகர் 2021 ஒக்டோபரில் 90 வயதில் போனார். தொலைக்காட்சியில் விண்கலத் தலைவனாக நடித்துப் பேர் வாங்கியவர். இறங்கிய உடனே கண் கலங்கி நின்று, அந்தக் காற்றுப் போர்வை எவ்வளவு மெல்லியது, அதற்கு மேலே எவ்வளவு கறுப்பு என்பதையே பேசிக்கொண்டிருந்தார். பிற்பாடு, தனக்கு அங்கே வந்தது மகிழ்ச்சியைவிடத் துக்கம்தான் என்று விளக்கினார். பூமியை வெளியே இருந்து பார்த்தவர்களின் மனதில் நடக்கும் இந்த மாற்றத்துக்கு ஃபிராங்க் வைட் என்பவர் 1987இலேயே ஒரு பெயரிட்டு எழுதியிருக்கிறார். நான் இதை நம்புகிறேன். இந்த வியப்பு போலியானதில்லை. இருட்டில் சிவனொளிபாத மலை ஏறி, விடியும்போது மலையின் முக்கோண நிழல் மேகத்தில் விழுவதைப் பார்த்து நிற்கும் ஒருவரிடம் 'இதுக்கா இவ்வளவு படி ஏறினாய்' என்று யாரும் கேட்பதில்லை. விண்வெளி போகிறவரிடமும் அப்படிக் கேட்க எனக்கு மனமில்லை.

பெரிய பயணம் வேறு மாதிரி. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று, ஒரு நாளில் 16 தடவை சூரியன் உதிக்கும். விளம்பரத்தில் இதைக் காட்டுவார்கள். காட்டாததைச் சொல்கிறேன். போகிறவர்களில் பாதிப் பேருக்கும் மேல் முதல் ஓரிரு நாள் வாந்தியும் தலைசுற்றலும். பதுளை வீதி வளைவுகளில் உங்கள் பின் ஆசனத்தில் நடப்பது போலத்தான், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாததால் வருவது. வேனை ஓரமாக நிறுத்தலாம், அங்கே நிறுத்த முடியாது. கால்பக்கம் இருந்த நீர் தலைக்கு ஏறி முகம் வீங்கும், மூக்கு அடைக்கும், சாப்பாட்டின் ருசி மங்கும். மாதக்கணக்கில் இருந்தால் எலும்பு தேயும், தசை மெலியும். சில நாளுக்கு அந்தப் பயம் இல்லை. 2021இல் போன அந்த நான்கு பேரின் கலத்தில் கழிப்பறைக் குழாய் ஒன்று கழன்று, சிறுநீர் தளத்துக்கு அடியில் கசிந்திருந்தது. மிதக்கும் இடத்தில் ஒரு துளி நீர்கூடச் சொன்ன இடத்தில் நிற்காது. இவ்வளவையும் தாண்டித்தான் அந்த ஜன்னல் காட்சி.

அந்த நால்வரில் ஹெய்லி ஆர்சினோ என்ற பெண்ணைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. சிறுவயதில் எலும்புப் புற்றுநோய் வந்து, காலில் செயற்கை எலும்பு பொருத்தப்பட்டவர். தன்னைக் குணமாக்கிய சிறுவர் மருத்துவமனையிலேயே பிறகு வேலைக்குச் சேர்ந்தார். அரச விண்வெளி நிறுவனங்களின் மருத்துவப் பரிசோதனையில் அவர் முதல் வாசலிலேயே திரும்பியிருப்பார். அந்தப் பயணத்தை வைத்து அந்த மருத்துவமனைக்கு 20 கோடி டொலருக்கும் மேல் நிதி திரட்டினார்கள். வேர்ஜின் கலக்டிக்கில் 2023 ஓகஸ்டில் போன ஜோன் குட்வினுக்கு 80 வயது, பார்கின்சன் நோய். 2005இல் டிக்கெட் வாங்கிவிட்டுப் பதினெட்டு வருடம் காத்திருந்தவர். உங்கள் வேனில் வந்த பெரியவர் எந்தப் பட்டியலில் இருக்கிறாரோ தெரியாது, ஆனால் காத்திருப்பு இந்தத் தொழிலில் சாதாரணம். வேர்ஜின் கலக்டிக் தன் பழைய கலத்தை 2024 ஜூனில் நிறுத்திவிட்டுப் புதியது கட்டப் போனது.

உயிர்ப் பயம் பற்றி. பயப்பட வேண்டிய விஷயம்தான். 2014 ஒக்டோபர் 31ஆம் திகதி வேர்ஜின் கலக்டிக்கின் கலம் சோதனைப் பறப்பில் நடுவானில் சிதறியது. இறங்கும்போது மட்டும் மடக்க வேண்டிய வால்பகுதியின் பூட்டை, துணை விமானி மைக்கல் ஆல்ஸ்பரி சில செக்கன் முந்தித் திறந்துவிட்டார். காற்றின் விசை மீதியைச் செய்தது. அவர் இறந்தார், மற்ற விமானி பரசூட்டில் தப்பினார். விசாரித்தவர்கள் பழியை அவர் தலையில் மட்டும் போடவில்லை. ஒரு மனிதன் ஒரு கணம் தவறினால் கலமே உடையும்படி வடிவமைத்தது யார் என்றும் கேட்டார்கள். அது சரியான கேள்வி. 2022 செப்டெம்பரில் நியூ ஷெப்பர்ட் ஒன்று ஆள் இல்லாமல் போனபோது இயந்திரம் பழுதானது. கலம் தானே கழன்று தப்பித்துப் பத்திரமாக இறங்கியது. ஆட்களை ஏற்றுவதற்கு முன் ஒன்றரை வருடத்துக்கும் மேல் எடுத்தார்கள். உலகத்தின் ஆகச் சிறந்த பொறியியலாளர்கள் ஓட்டிய அமெரிக்க விண்வெளி ஓடங்களே 135 பயணத்தில் இரண்டை இழந்தன. கல்பனா சாவ்லா உட்படப் பதினான்கு பேர். விமானத்தில் இந்த விகிதம் இருந்தால் கட்டுநாயக்காவில் ஒருவரும் ஏறமாட்டார்கள்.

பலருக்குத் தெரியாதது சட்டம். இந்தக் கலங்கள் பறக்கும் அமெரிக்காவில், விமானத்துக்கு இருப்பது போலப் பயணிகளின் பாதுகாப்புக்கான அரச தரச்சான்று இவற்றுக்குக் கிடையாது. கீழே இருக்கும் பொதுமக்களுக்கு ஆபத்து வராமல் அரசு பார்த்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர், ஆபத்து தெரிந்தே ஏறுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். துறை புதியது, கட்டுப்பாடு போட்டு நசுக்க வேண்டாம் என்று 2004இல் சில வருடத்துக்குக் கொடுத்த சலுகை இது. நீட்டி நீட்டி இப்போது 2028 தொடக்கம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். என் எண்ணத்தில் இவ்வளவு நீட்டியது போதும். காசு வாங்கி ஆள் ஏற்றுகிற தொழிலுக்கு ஒரு பரிசோதகர் வேண்டும். உங்கள் வேனுக்கே வருடா வருடம் புகைச் சான்றிதழும் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் கேட்கிறார்கள்.

புகை என்றதும் எனக்கு அதிகம் கவலை தருகிற இடத்துக்கு வந்துவிட்டோம். டிராகன் கலத்தை ஏற்றும் ஃபல்கன் 9 ரொக்கெட் எரிப்பது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய். ஒரு தடவைக்கு நூறு தொன்னுக்கும் அதிகம். நான்கு பேர் போகிறார்கள் என்றால் ஆளுக்கு இருபத்தைந்து தொன்னுக்கும் மேல். லயத்துக்கு மின்சாரம் வராத காலத்தில் குப்பி விளக்கில் படித்தவர்களுக்கு மண்ணெண்ணெய் எரிந்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை, காலையில் மூக்குத் துவாரம் கறுத்திருக்கும். ரொக்கெட்டும் கரி கக்குகிறது. வேர்ஜின் கலக்டிக்கின் கலம் இறப்பர் போன்ற ஒரு திண்ம எரிபொருளை எரிப்பதால் அதிலும் கரி அதிகம். நியூ ஷெப்பர்ட் ஐதரசனை எரிக்கிறது, வெளியே வருவது நீராவி. அதனால் அது சுத்தம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் உலகில் ஐதரசனின் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, அந்தத் தொழிற்சாலையின் புகை கணக்கில் வருவதில்லை.

கரியின் அளவைவிட அது போய்த் தங்கும் இடம் முக்கியம். ஒரு லொறியின் புகையை நம் மழை சில நாளில் கழுவி இறக்கிவிடும். ரொக்கெட்டோ மழை மேகத்துக்கு மேலே, படைமண்டலத்துக்குள் நேரடியாகக் கரியைக் கொண்டுபோய் வைக்கிறது. அங்கே மழை இல்லை. வருடக்கணக்கில் மிதந்து, வெயிலை உறிஞ்சி, அந்த உயரத்துக் காற்றைச் சூடாக்கும். கீழே இருந்து எழும் கரியைவிட அங்கே தங்கும் கரி சூடாக்குவதில் பல நூறு மடங்கு வல்லது என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டு அமெரிக்க வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் ஆய்வாளர்கள், வருடத்துக்கு 10,000 தொன் கரி என்ற நிலை வந்தால் படைமண்டலத்தின் சில பகுதிகள் அரைப் பாகையிலிருந்து இரண்டு பாகை வரை சூடாகும், ஓசோன் படையும் மெலியும் என்று காட்டினார்கள். அந்த ஆய்வு வந்த காலத்தில் ரொக்கெட்டுகள் விட்டது அதில் பத்தில் ஒரு பங்கு அளவு. நேர்மையாகச் சொன்னால் அதிலும் பெரும்பகுதி செய்மதி ஏவுவதால் வருவது, சுற்றுலாப் பயணிகளால் வருவது சொற்பம். ஆனால் விலை குறைந்து, கூட்டம் கூடி, தினமும் பறக்க வேண்டும் என்பதுதானே இந்தக் கம்பனிகளின் திட்டம்? வாக்களித்தது நிறைவேறினால் வரக்கூடிய கேடு இது.

அதனால் நியாயமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இப்படி: தன் காசில் ஒருவர் வானம் பார்க்கப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பணக்காரரின் காசு வேறு வழியில் நம் பசி தீர்க்க வந்துவிடும் என்று நான் நம்புவதும் இல்லை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ரொக்கெட்டுக்கு இந்தப் பயணங்களும் கொஞ்சம் கைகொடுத்தன. அந்த ரொக்கெட்டால் மழையையும் பயிரையும் பார்க்கும் செய்மதிகள் மலிவாக மேலே போகின்றன. ஆனால் டிக்கெட் விலையில் அந்தக் கரிக்கு ஒரு சதம்கூட இல்லை. அந்தப் படைமண்டலம் யாருடைய சொந்தக் காணியும் இல்லை. மழை பிந்தினால் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாவிட்டால் பேர் இல்லை என்று வானத்தை நம்பிச் சம்பளம் எடுக்கிற மக்கள் நாம். வானத்தில் எவரும் எதையும் கொட்டிவிட்டுப் போகலாம் என்ற ஏற்பாட்டை நாம் ஏற்க முடியாது. எரிபொருளுக்கும் கரிக்கும் சர்வதேச விதி வேண்டும், கூட்டம் கூடுவதற்கு முன்பே வேண்டும். 1967இன் விண்வெளி உடன்படிக்கை எழுதப்பட்டபோது இப்படி ஒரு சுற்றுலா வரும் என்று யாரும் எண்ணவில்லை, அதில் இதற்கு இடமில்லை.

நமக்கு ஒரு காலம் வருமா? பல வழியில் பார்க்கலாம். அதிர்ஷ்டத்தால் போனவர்கள் உண்டு: 2023இல் குட்வினோடு போன அன்டிகுவா தீவின் தாயும் மகளும் ஒரு நிதிக் குலுக்கலில் டிக்கெட் வென்றவர்கள். நம்மைப் போல ஒரு சின்னத் தீவிலிருந்து போனவர்கள் என்பதால் அதை நான் மறக்கவில்லை. 2024 மேயில் ஆந்திராவில் பிறந்த கோபி தோட்டகூரா நியூ ஷெப்பர்டில் போனார். விலை உண்மையிலேயே விழ வேண்டுமென்றால், மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் முழுவதும் திரும்பி வந்து மறுபடி பறக்கிற ரொக்கெட் சாதாரணமாக வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியின் ஸ்டார்ஷிப் ரொக்கெட்டில் அதைத்தான் முயல்கிறார்கள். வந்தாலும் முதலில் குறைவது செய்மதிக் கட்டணம்தான், ஆள் டிக்கெட் கடைசி. சர்வதேச விண்வெளி நிலையமும் 2030 அளவில் ஓய்வு பெறப்போகிறது. அதற்குப் பதிலாகத் தனியார் நிலையங்கள் வந்து நிற்கும் வரை தங்குமிடமே தட்டுப்பாடு. வேன் ஓட்டிச் சேர்த்த காசில் போகிற காலம் உங்கள் ஆயுளில் வரும் என்று நான் பொய்ச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. 2019 ஜூன் 17ஆம் திகதி இலங்கையின் முதல் செய்மதி இராவணா-1 விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ பத்து சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோ சொச்சம். ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த நம் நாட்டு இளம் பொறியியலாளர் இருவர் கட்டியது. அவர்கள் டிக்கெட் வாங்கவில்லை, கணிதமும் பௌதிகவியலும் படித்தார்கள். தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கும் இடங்கள் இன்றும் குறைவு. ஆசிரியர் இருந்தால் ஆய்வுகூடம் இல்லை, ஆய்வுகூடம் இருந்தால் ஆசிரியர் மாற்றலாகிப் போயிருப்பார். விண்வெளிக்கும் நமக்கும் நடுவே நிற்கிற தூரத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது, அதை அளக்க டொலர் தேவையில்லை.

கடைசியாக, உங்கள் தொழிலுக்கே உதவக்கூடிய ஒன்று. விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலாலும் போகிறது, வெறும் கண்ணுக்கே தெரியும். சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள், அல்லது விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்குப் பக்கமாக, மினுக்காமல், விமானம் போல விளக்கு வெட்டாமல் ஒரு வெள்ளைப் புள்ளி சீராக நகரும். நல்ல பாதையில் வந்தால் நான்கைந்து நிமிடம் நிற்கும். எந்த நாள், எத்தனை மணி, எந்தத் திசை என்று நாசாவின் 'ஸ்பொட் த ஸ்டேஷன்' கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் பக்கம் மூடுபனி குறைந்த இரவுகள் கிடைக்கும். பயணிகளைக் கூட்டிப்போவதானால் நகரத்து விளக்கு மறைகிற ஒரு மேட்டுமலையாகப் பாருங்கள், தோட்டத்து ஐயாவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நீங்கள் மட்டும் தனியாகக் கூட்டிப்போக வேண்டாம், ஊர்க்காரர் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டு மலைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது.